மச்சான் கொடுத்த ரத்தம்

அறுபது மீட்டர் உயரத்தில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு பெட்டிக்குள் தினமும் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு ஊசி என்றால் பயம். இதைச் சொன்னால் அந்தக் கட்டட வேலையிடத்தில் சிரிக்காதவர்கள் கிடையாது. "காத்தடிச்சா கேபினே ஆடுது, அதுல உக்காந்து டீ குடிக்கிற ஆளு ஒரு இஞ்ச் ஊசிக்கு ஓடுறாரு பாரு" என்று மேஸ்திரி சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். கிரேன்காரரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்பது அவர் கண்டுபிடித்து வைத்திருந்த வழி.

உண்மையில் ஊசி அவரை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. ஊசி வழியாக வெளியே போகிற ரத்தம் என்ன சொல்லுமோ என்பதுதான் பயம்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. இரண்டு வருடமாகவே சிறுநீர் விஷயத்தில் உடம்பு அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கிரேனிலிருந்து இறங்கி ஏற நாற்பது நிமிஷம் பிடிக்கும் என்பதால் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் மேலே ஒரு பழைய பாட்டில் வைத்திருப்பார்கள். அதைப் பற்றிக் கீழே யாரும் பேசுவதில்லை. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு தடவை தேவைப்பட்ட பாட்டில் இப்போது ஐந்து தடவை தேவைப்பட்டது. அவசரம் என்றால் உயிர் போகும் அவசரம். ஆனால் போய் நின்றால் வராது. வந்தாலும் நின்று நின்று வரும். முடிந்தது என்று வந்து உட்கார்ந்த பிறகுதான் முடியவில்லை என்று தெரியும். வீட்டில் தூக்கத்திலிருந்து மூன்று நாலு தடவை எழுந்து போவார். மனைவி கேட்டால், "தண்ணி ஜாஸ்தி குடிச்சுட்டேன்" என்பார். அவள் நம்பவில்லை என்று அவருக்கும் தெரியும்.

அவருடைய அப்பா அறுபத்திரண்டு வயதில் புராஸ்டேட் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவர். இடுப்பு வலி, இடுப்பு வலி என்று மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருந்த மனிதரைக் கடைசியில் தூக்கிக்கொண்டு போனபோது, எலும்பு வரைக்கும் பரவிவிட்டது என்றார்கள். பிறகு மூன்று மாதம். படுக்கையில் புரட்டிப் போடவே வீட்டில் பயந்தார்கள், தொட்டால் அலறுவார். அந்த அலறலைக் கேட்டவர் கிரேன்காரர். தன் முறை வந்துவிட்டது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். முடிவு கட்டின பிறகு சோதனை செய்து பார்க்க என்ன இருக்கிறது? ஆண்பிள்ளைகள் போடுகிற கணக்கு இது. இதைவிட அசட்டுக் கணக்கை ஒரு மனிதன் போட முடியாது. ஆனால் பயந்தவனிடம் போய்க் கணக்குப் பேசுவது யார்?

இந்த நிலைமையில்தான் கம்பெனி ஒரு அறிவிப்பு ஒட்டியது. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடா வருடம் கண், காது, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். இந்த வருடம் ஐம்பது வயது தாண்டிய ஓட்டுநர்களுக்குப் புராஸ்டேட் பரிசோதனைக்கும் ரத்தம் எடுக்கப்படும். ஓட்டுநர்களுக்கு மட்டும்தான். கீழே நிற்கிறவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், அவர்களுடைய ரத்தத்தைப் பற்றிக் கம்பெனிக்குக் கவலை இல்லை.

கீழே நிற்கிறவர்களில் ஒருவர்தான் மச்சான். கிரேன்காரருடைய மனைவியின் அண்ணன், வயது அறுபது. வேலையிடத்தில் எல்லோருக்கும் அவர் 'சிக்னல்'. கொக்கியில் சுமையைக் கட்டிவிட்டு, வாக்கி-டாக்கியில் "தூக்கு", "இறக்கு", "இடது பக்கம் ஒரு முழம்" என்று மேலே இருப்பவருக்கு வழி சொல்வது அவர் வேலை. கிரேன்காரருக்குப் பாதி இடம் கண்ணுக்கே தெரியாது. கட்டடத்துக்குப் பின்னால் போகிற சுமையை அவர் மச்சானின் குரலை மட்டும் நம்பித்தான் இறக்குவார். பத்தொன்பது வருடமாக இப்படி. குரல் நின்றால் கை நிற்க வேண்டும். இந்த வேலையில் இது ஒன்றுதான் சட்டம்.

ரத்தம் எடுக்கிற அன்று காலையில் கிரேன்காரரின் முகத்தைப் பார்த்ததுமே மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன மாப்ளே, மூஞ்சி இப்படிச் செத்துக் கெடக்கு? ஊசியா?"

"ஆமா மச்சான். நெனச்சாலே வயித்தைக் கலக்குது."

"ஹெல்மெட்டைக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுன்னா கழட்டேன். நீ மேல ஏறு. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

அங்கே மனிதர்களுக்கு முகம் கிடையாது, ஹெல்மெட்தான். ஓட்டுநர்களுக்கு நீலம், முன்பக்கம் ஒரு எண். வாசலில் கையெழுத்து வாங்குவதிலிருந்து விபத்து நடந்தால் ஆளைத் தேடுவது வரைக்கும் எல்லாம் அந்த எண்ணில்தான். தகரக் கொட்டகைக்குள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். "நம்பர்?" என்றாளாம். "பதினேழு" என்று சொல்லிவிட்டு மச்சான் கையை நீட்டினாராம். மத்தியானம் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கையில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டி, "உனக்காக ரத்தம் சிந்தியிருக்கேன், மறந்துடாத" என்றார். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்துக் கிரேன்காரர் பிற்பாடு எத்தனையோ தடவை கூசிப் போனார்.

பத்து நாள் கழித்து அவர் வேலை முடிந்து வந்தபோது மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். டீ போடவில்லை. விளக்குப் போடவில்லை.

"கிளினிக்லேர்ந்து ஃபோன் வந்துச்சுங்க."

அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"உங்க ரத்தத்துல ஏதோ ஒண்ணு நாலுக்குள்ள இருக்கணுமாம். இருபத்தாறு இருக்காம். உடனே ஸ்பெஷலிஸ்ட்டைப் பாக்கணும்னாங்க. நான் என்னன்னு கேட்டேன். புராஸ்டேட்னாங்க." அவள் குரல் உடைந்தது. "மாமாவுக்கு வந்த மாதிரியேங்க. ராத்திரி ராத்திரி எழுந்து போறீங்களே, நான் கேட்டேனா இல்லையா? தண்ணி குடிச்சேன், தண்ணி குடிச்சேன்னு என்னை ஏமாத்திட்டீங்களே!"

கிரேன்காரரின் மனதில் முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்துப் பயனில்லை. என்னுடையது இல்லை, என்னுடையது இல்லை என்று உடம்பு முழுக்க ஒரு தளர்ச்சி பரவியது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை நன்றாக இழுத்து விட்டார். இரண்டாவது மூச்சை இழுக்கும்போதுதான் அது யாருடையது என்று உறைத்தது. அவர் மனைவி அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழவேண்டியது தனக்காக இல்லை, அவள் அண்ணனுக்காக என்று அவருக்குத் தெரியும்.

"அண்ணனுக்குச் சொல்லிட்டேன். வந்துக்கிட்டு இருக்கு" என்றாள் அவள்.

மச்சான் வந்தார். வழக்கம்போல வாசலிலேயே சத்தம். தங்கையின் தலையில் கை வைத்து, "அட அசடு, மெஷின் ஒரு நாள் ஒண்ணு சொல்லும், மறுநாள் வேற ஒண்ணு சொல்லும். மறுபடி எடுத்துப் பாத்தா எல்லாம் சரியா வரும்" என்றார். அவளுக்குச் சிரிப்பு மூட்டப் பார்த்தார். கிரேன்காரரின் கண்ணை மட்டும் அவர் பார்க்கவில்லை. புறப்படும்போது, "கொஞ்சம் வா மாப்ளே" என்று தெருமுனை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல மச்சான்."

"சொல்லாத."

"மச்சான், அது உங்க..."

"தெரியும்டா. என் கையில குத்துனது எனக்கு மறந்தா போகும்?" சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "நீ போய் உன் ரத்தத்தைக் குடு. சுத்தமா வரும். அவ நிம்மதியாத் தூங்குவா. கதை முடிஞ்சுது."

"உங்க கதை?"

"எனக்கென்ன கேடு? படுத்தா விடியத்தான் எழுந்திரிக்கிறேன். ஒண்ணுக்குப் போனா குழாயைத் திறந்து விட்ட மாதிரி போகுது. வலியா, எரிச்சலா, ஒரு மண்ணும் இல்ல. நோய் வந்தவன் இப்படியா இருப்பான்?"

"ஒரே ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடலாம் மச்சான். நானும் கூட வர்றேன்."

மச்சான் கொஞ்ச நேரம் தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்தார். அவருடைய மனைவி நாலு வருடத்துக்கு முன்னால் இறந்து போனவள். "அவ நடந்துதான் மாப்ளே ஆஸ்பத்திரிக்குள்ள போனா" என்றார். "டெஸ்ட்டு எடுத்துட்டு வந்துடறேன், கொடியில கெடக்கிற துணியை மடிச்சு வைங்கன்னு சொல்லிட்டுப் போனா. பதினோரு நாள். துணியை மடிச்சு வச்சுட்டு நான் உக்காந்திருந்தேன். அந்தக் கட்டடத்துக்குள்ள என்னால காலை வைக்க முடியாது. தங்கச்சி மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

கிரேன்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு மச்சான் விறுவிறுவென்று நடந்து போனார். சத்தியம் செய்யவில்லை என்று அவரைத் திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆள் மாறாட்டம் வெளியே வந்தால் இரண்டு பேருக்குமே வேலை போய்விடும் என்பது ஒரு காரணம். அந்தக் காரணத்தை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பயந்தவனுக்கு நல்ல காரணம் ஒன்று கிடைத்தால் விடுவானா?

மறுநாள் ஒரு பெரிய கம்பிக்கட்டைக் கட்டடத்துக்குப் பின்பக்கம் இறக்க வேண்டியிருந்தது. இரண்டு டன். சுவரைத் தாண்டினதும் கிரேன்காரருக்குச் சுமை தெரியாது. வாக்கி-டாக்கியில் மச்சான் குரல் சீராக வந்துகொண்டிருந்தது. "இறக்கு... இறக்கு... மெதுவா... இறக்கு..." அப்புறம் ஒன்றும் இல்லை.

கை தானாக நின்றது. "மச்சான்?" என்றார். இரைச்சல்தான் வந்தது. "மச்சான், இருக்கீங்களா?" சுமை அங்கே யார் தலைக்கு மேல் தொங்குகிறதோ தெரியாது. காலையில் பின்பக்கம் ஏழெட்டுப் பேர் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தார். காற்று வேறு. உள்ளங்கை வியர்த்து லீவரில் வழுக்கியது. அவர் மனதில் எண்ண ஆரம்பித்தார். பதினாலு எண்ணுகிறவரை பதில் இல்லை.

"ம்... இருக்கேன்" என்றது குரல். "எங்க விட்டேன்?"

பத்தொன்பது வருடத்தில் மச்சான் இப்படிக் கேட்டதே கிடையாது. வேலையில் நிற்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்காதவர். மெஷின் பொய் சொல்கிறது என்று அவரே நம்பவில்லை என்பது கிரேன்காரருக்கு அப்போது புரிந்தது. மச்சானும் தன்னைப் போலத்தான் முடிவு கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பரிசோதிக்காமலே இருந்தவர் எப்படிச் செத்தார் என்று அப்பாவிடம் பார்த்தாகிவிட்டது. அந்த அலறல் மச்சானின் தொண்டையில் எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பார்த்து, அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து நடுங்கினார்.

அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். மனைவி கையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தாள். ஊசி எறும்பு கடித்த மாதிரி முடிந்தது. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, "ஒரு நிமிஷம், பின்பக்கமா விரல் வச்சுப் பாக்கணும், தளர்வா இருங்க" என்றபோது மட்டும் மனிதர் கூரையைப் பிடித்துத் தொங்காத குறை. அதுவும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் ஒரு ஸ்கேன். இதற்கா இரண்டு வருடம் ஒளிந்துகொண்டோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

முடிவு வர ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் அவருக்கு இரண்டு பயம். மச்சானுடையது தெரிந்த பயம், தன்னுடையது தெரியாத பயம். தனக்கும் இருந்துவிட்டால் இருவருமாகச் சேர்ந்து போகலாம், சொல்வது சுலபமாக இருக்கும் என்றுகூட ஒரு தடவை நினைத்தார். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். மச்சான் அந்த நாட்களில் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. டீ குடிக்கக்கூடத் தனியாகப் போனார்.

ஐந்தாம் நாள் டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். பிறகு நிமிர்ந்து சிரித்தார்.

"ஒண்ணே முக்கால்தான் இருக்கு. ஸ்கேன்லயும் பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. வயசாச்சுன்னா புராஸ்டேட் கொஞ்சம் வீங்கும், பாதிப் பேருக்கு வர்றதுதான். அதனாலதான் அடிக்கடி போறீங்க. மாத்திரை தர்றேன், குறைஞ்சுடும். உங்க அப்பாவுக்கு இருந்ததால வருஷா வருஷம் வந்து பாத்துக்கணும், அவ்வளவுதான்."

கிரேன்காரரின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, "அப்ப அந்த இருபத்தாறு டாக்டர்?" என்று கேட்டாள்.

"அதுதான் யோசிக்கிறேன். இருபத்தாறு இத்தனை நாள்ல இப்படி இறங்காது. லேப்ல யாரோ குப்பியை மாத்தி வச்சிருக்காங்க. விசாரிக்கச் சொல்லி எழுதறேன். ஏன்னா அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர்னு ஒருத்தர் இருக்காரு இல்லையா? கேன்சர்னு இப்பவே முடிவு கட்ட முடியாது, ஆனா கண்டிப்பாப் பாத்தாகணும். இந்த நோய் ஆரம்பத்துல ஒரு தொந்தரவும் குடுக்காது. அவர் நல்லா இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு நடமாடுவாரு. இப்பக் கண்டுபிடிச்சா செய்யறதுக்கு நிறைய இருக்கு. எலும்புக்குப் போயிட்டா எங்களாலயும் கொஞ்சம்தான் முடியும்."

"ஐயோ பாவம்" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யார் பெத்த புள்ளையோ. அவர் வீட்டுல யாருக்கும் தெரியாதே. சீக்கிரம் கண்டுபிடிச்சுச் சொல்லிடுங்க டாக்டர்."

டாக்டர் எழுத ஆரம்பித்தார். அவள் அங்கேயே, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அண்ணனுக்கு ஃபோன் போட்டாள்.

"அண்ணே! ஒண்ணும் இல்லையாம்ணே! இவருக்கு ஒண்ணுமே இல்லையாம்! லேப்ல எவனோ மாத்தி வச்சுட்டானாம்!"

ஃபோனிலிருந்து மச்சானின் சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்ற குரலும் கேட்டது. அந்தக் குரலை நம்பியே பத்தொன்பது வருடத்தை ஓட்டினவர் கிரேன்காரர். அதில் எது நிஜம், எது வேஷம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒன்றுமே இல்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஒரு வாரமாகச் சாப்பிடாமல், தூங்காமல் கிடந்தவள் இப்போதுதான் சிரிக்கிறாள். இந்தச் சிரிப்பைக் கெடுக்கிற பாவம் தனக்கு வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றியது. வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டால் போதும். லேப் தேடும், கிடைக்காது, விட்டுவிடும்.

"டாக்டர்" என்றார். "மாத்துனது லேப் இல்ல. நாங்கதான்."

டாக்டர் பேனாவை வைத்தார்.

"நான் பயந்துக்கிட்டு மேல போயி உக்காந்துட்டேன். என் ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு வேற ஒருத்தர் எனக்காகக் கையை நீட்டுனாரு. அந்த இருபத்தாறு அவரோடது."

"யாரு?" என்று கேட்டது டாக்டர் இல்லை. அவர் மனைவி. ஃபோன் காதிலேயே இருந்தது.

கிரேன்காரர் அவள் காதிலிருந்த ஃபோனைப் பார்த்தார். அவள் அவர் கண் போன இடத்தைப் பார்த்தாள். அவளுடைய முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை. அது அப்படியே இருந்துகொண்டு கண்கள் மட்டும் மாறின. அதைப் பார்ப்பதற்குப் பதிலாகத் தனக்கே இருபத்தாறு வந்திருக்கலாம் என்று அவர் மனதார நினைத்தார்.

"அண்ணே" என்றாள் ஃபோனில். "அண்ணே, இவர் என்னமோ சொல்றாரு. நீ இல்லைதானே?"

அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்னால் நகர்கிற ஒலி மட்டும் கேட்டது. டாக்டர் எழுந்து வந்து மேஜையின் இந்தப் பக்கம் நின்றார்.

"அண்ணே, பேசுண்ணே. வேஷம் போடாத. என்கிட்டயாவது போடாத."

பிறகு மச்சானின் குரல் வந்தது. கிரேன்காரர் அந்தக் குரலை ஆயிரம் விதமாகக் கேட்டிருக்கிறார், இப்படிக் கேட்டதில்லை. சின்னப் பையன் பேசுவது மாதிரி இருந்தது.

"பயமா இருக்கும்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்து கழுத்து வரைக்கும் போனது. குரலில் மட்டும் ஒரு சொட்டும் விழவில்லை.

"எனக்கும்தான்ணே பயமா இருக்கு. அங்கேயே இரு, எங்கயும் போகாத. நானும் இவரும் வந்து உன்னைக் கூட்டிட்டு வர்றோம்."

"இன்னிக்கே" என்றார் டாக்டர். "எத்தனை மணி ஆனாலும் நான் இருக்கேன்."

கிரேன்காரர் மனைவியின் கையிலிருந்து ஃபோனை வாங்கிக் காதில் வைத்தார். "மச்சான்" என்றார். அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. ஃபோனை அணைக்காமலேயே இருவரும் படியிறங்கி ஓடினார்கள்.